படித்த இடத்தைச் சுட்டிக் காட்டுவது எப்படி?



நோன்பு மாதம் ஒன்றில் நமது லகாட்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறோம்.

நம் அங்கத்தினர்களில் மூத்தவர் ஒருவர். பல வருஷங்களாக இனிப்புநீர் வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டு வருபவர். நோன்பு பிறந்த இரண்டாம் நாள் அவருடைய கைத்தொலைபேசிக்கு வாட்ஸ்அப் வழியாக ஒரு படம் வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு மருத்துவப் பக்கத்திலிருந்து வெட்டி எடுத்த படம் அது. நோன்பு நோற்பவர்கள் பகல் வேளை மாத்திரையை எடுக்க வேண்டியதில்லை என்று அதில் கண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த வரிகள் படத்தில் இல்லை. பெரியவரும் பகல் மாத்திரையை அடியோடு விட்டுவிட்டார். நாலைந்து நாளில் தாகமும் களைப்பும் மிகுந்து கிளினிக்குக்குப் போனபோது, சர்க்கரை அளவு ஏறிப்போயிருப்பது தெரிந்தது.

"ஏன் மாமா மருந்தை நிறுத்தினீர்கள்?" என்று நம் வாலிபர் ஒருவர் கேட்டார்.

"என் இஷ்டத்துக்கா நிறுத்தினேன் தம்பி? படித்த பிள்ளைகள்தானே அனுப்பினார்கள். எழுத்திலேயே இருந்ததே!" என்றார் பெரியவர்.

பிறகு அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தோம். வெட்டுப்பட்ட இடத்துக்கு அடுத்த வரியிலேயே விஷயம் இருந்தது. பகல் மாத்திரையை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றிக் கொள்வது பற்றி வைத்தியரைக் கேட்க வேண்டும் என்றும், தாமாக எந்த மருந்தையும் நிறுத்தலாகாது என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள். படத்தை அனுப்பியவர் கெட்ட எண்ணம் கொண்டவரல்லர். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். ஆனால் பாதி வாக்கியம் முழு வாக்கியத்துக்கு விரோதியாகி விட்டது.

இப்படிப்பட்ட தவறுக்கு இடமில்லாமல், நாம் இணையத்தில் படித்ததில் முக்கியமான இடத்தைக் கோடிட்டுப் பிறருக்கு அனுப்பும் வழிகள் இப்போது உண்டு. அவை எவை, எவ்வாறு கையாள்வது, எங்கே எச்சரிக்கை தேவை என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

நமக்குப் புதிதல்ல

ஓரத்தில் குறிப்பெழுதும் வழக்கம் நமக்குப் புதியதன்று. மதரஸாக்களில் ஓதிய பழைய கிதாபுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூல வாசகத்துக்கு மத்ன் என்று பெயர். அதற்கு எழுதும் விரிவுரை ஷர்ஹு. ஓரங்களில் எழுதும் குறிப்பு ஹாஷியா. மூன்றும் பெரும்பாலும் ஒரே ஏட்டில் இருக்கும். குறிப்பைப் படிப்பவன் கண்ணைச் சற்றே திருப்பினால் மூலம் எதிரிலேயே நிற்கும். உரையாசிரியர் மூலத்துக்கு மாறாகச் சொன்னால் மாணவன் அதைக் கண்டு கொள்வான். மூலத்தை மறைத்து வைத்துக் கொண்டு குறிப்பை மட்டும் நீட்டுவது அந்த முறையல்ல.

வெட்டி எடுத்த படத்தில் உள்ள குறையே இதுதான். அது மூலத்தை விட்டுப் பிரிந்து வருகிறது. எங்கிருந்து வந்தது, எப்போது எழுதியது, முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பவை ஒன்றும் அதில் இல்லை.

முதல் வழி: கோடிட்ட இணைப்பு

இதற்குத் தனியாக எந்தச் சாதனமும் வேண்டியதில்லை. கூகுள் குரோம் உலாவியில் 2020ஆம் ஆண்டு முதல் இந்த வசதி படிப்படியாக வந்தது. கணினியில் செய்வதானால், வேண்டிய வரிகளை எலிக்குமிழால் தேர்ந்தெடுத்து, வலப் பொத்தானை அழுத்த வேண்டும். வரும் பட்டியலில் 'காப்பி லிங்க் டு ஹைலைட்' என்றிருப்பதைத் தொட வேண்டும். பிறகு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அதை ஒட்டி அனுப்பலாம். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் வரியை விரலால் அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்துப் பகிரும் பொத்தானைத் தொட்டால் போதும்.

பெற்றவர் அந்த இணைப்பைத் திறந்ததும், முழுப் பக்கமும் திறந்து, நாம் சுட்டிய வரிக்கே இறங்கி, அதன்மேல் நிறம் பூசிக் காட்டும். அவர் மேலும் கீழும் தள்ளி மற்ற வரிகளையும் படிக்கலாம். மேற்சொன்ன பெரியவருக்கு இப்படி வந்திருந்தால், கோடிட்ட வரிக்கு அடுத்த வரி அவர் கண்ணில் பட்டிருக்கும். ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி 2022ஆம் ஆண்டிலும், ஃபயர்பாக்ஸ் உலாவி 2024ஆம் ஆண்டிலும் இத்தகைய இணைப்புகளைப் புரிந்து கொள்ளத் தொடங்கின. ஆகவே பெறுபவர் எந்த உலாவி வைத்திருந்தாலும் அநேகமாகச் சங்கடம் இராது.

தமிழ் வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கண்டு பயப்படக் கூடாது. தமிழ் வரியைச் சுட்டும் இணைப்பு மிக நீளமாக, சதவிகிதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துக்களுமாகத் தோன்றும். இணைய முகவரியில் தமிழ் எழுத்தை நேராக எழுதாமல் குறியீடாக மாற்றி எழுதுவதே காரணம். 'க' என்ற ஒரே எழுத்து ஒன்பது குறிகளாக விரியும். 'கி' என்பது இரண்டு பங்காகி, பதினெட்டுக் குறிகளாகும். இது திருட்டு இணைப்பல்ல. ஆயினும் முகவரியின் தலைப்பில் உள்ள தளத்தின் பெயரைப் பார்த்துத் திறப்பதே எப்போதும் நல்ல பழக்கம்.

இம்முறையில் ஒரு குறைபாடும் உண்டு. பக்கத்தின் சொந்தக்காரர் பின்னர் அந்த வரியைத் திருத்தி விட்டால், பக்கம் திறக்குமே தவிரக் கோடு தெரியாது. நம் குறிப்பையும் அதில் எழுதி வைக்க இயலாது.

இரண்டாம் வழி: ஓரக் குறிப்புச் சாதனம்

குறிப்பும் எழுத வேண்டும், பலர் கூடி ஒரே பக்கத்தைப் படிக்கவும் வேண்டும் என்றால், உலாவியில் சேர்க்கும் நீட்சிகள் உதவும். டீகோ என்ற சாதனம் 2006ஆம் ஆண்டில் வந்தது. ஹைப்போதிஸிஸ் என்பது 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டான் வேலி என்பவர் தொடங்கியது. லாப நோக்கமற்ற முயற்சியாக எழுந்தது. தனி வாசகர்களுக்கு இலவசம்.

ஹைப்போதிஸிஸைச் சேர்த்துக் கொண்டு ஒரு கணக்கைத் தொடங்கியதும், எந்தப் பக்கத்திலும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வாய்ப்புகள் தோன்றும். ஒன்று, வெறுங்கோடு. அது நமக்கு மட்டுமே தெரியும். மற்றது, குறிப்போடு கூடிய கோடு. அதை நமக்கு மட்டும் வைத்துக் கொள்ளலாம், ஒரு குழுவுக்குக் காட்டலாம், உலகம் முழுவதற்கும் காட்டலாம். நமது வாசிப்பு வட்டம் போன்றவற்றுக்குக் குழுவே ஏற்றது. ஒருவர் குழுவை அமைத்து, அழைப்பு இணைப்பை மற்றவர்களுக்கு அனுப்பினால், லகாட்டில் இருப்பவரும் ஈப்போவில் இருப்பவரும் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் ஒரே பக்கத்தின் ஓரத்தில் கேள்வியும் பதிலும் எழுதிக் கொள்ளலாம்.

இச்சாதனம் மூலப் பக்கத்தில் கை வைப்பதில்லை. நாம் தேர்ந்த சொற்களையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள சில எழுத்துக்களையும் தன்னிடம் எழுதி வைத்துக் கொண்டு, பக்கம் திறக்கும்போது அந்த இடத்தைத் தேடிக் குறிப்பைப் பொருத்துகிறது. பக்கம் சிறிது மாறினாலும் அநேகமாக இடத்தைக் கண்டு பிடித்துவிடும். அந்த வரியே இல்லாமற் போனால், குறிப்பு அநாதையாகத் தனித்து நிற்கும். இத்தகைய குறிப்புகளை எவ்விதம் எழுதி வைப்பது என்பதற்கு, இணையத்தின் விதிகளை வகுக்கும் உலகளாவிய வலைச் சங்கம் 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு பொது முறையையும் வெளியிட்டது.

படமாக உள்ள ஏடுகள்

நம்மவர்களுக்கு அடிக்கடி ஏற்படும் ஏமாற்றம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு 1887ஆம் ஆண்டில் தொடங்கி நடத்திய 'சிங்கை நேசன்' பத்திரிகையை எடுத்துக் கொள்வோம். இந்நாட்டுத் தமிழ் முஸ்லிம்களின் பத்திரிகைத் தொண்டுக்கு அது பழைய சாட்சி. அத்தகைய பழம் ஏடுகளை நூலகங்கள் இணையத்தில் ஏற்றும்போது, பக்கங்களைப் படம் பிடித்தே ஏற்றுகின்றன. படத்தின் மேல் எவ்வளவு தேய்த்தாலும் வரி தேர்வாகாது. இலங்கைத் தமிழ் நூல்களைச் சேகரித்து வரும் நூலகம் திட்டத்தின் ஏடுகளிலும் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே.

மாறாக, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் ஆரம்பமான மதுரைத் திட்டத்தின் நூல்கள் எழுத்தாகவே தட்டச்சுச் செய்யப்பட்டவை. உமறுப் புலவரின் சீறாப்புராணம் அங்கே இருக்கிறது. அதில் வேண்டிய செய்யுளைத் தேர்ந்து கோடிட்டு அனுப்பத் தடையில்லை.

படமாக உள்ள ஏட்டிலிருந்து எடுத்துக் காட்ட நேர்ந்தால், பழைய முறையே சிறந்தது. பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண், பத்தி எண் ஆகிய நான்கையும் எழுதி, பக்கத்தின் இணைப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். படம்தான் அனுப்புவோம் என்றால், முழுப் பக்கத்தையும் அனுப்பிக் கோடிட வேண்டும்.

நாம் அனுசரிக்க வேண்டிய விதிகள்

1. கோடிடுமுன் முழுவதையும் படிக்க வேண்டும். முந்திய பத்தியையும் பிந்திய பத்தியையும் படிக்காமல் எதையும் அனுப்பலாகாது. மருந்து, சட்டம், மார்க்கம் ஆகிய மூன்று விஷயங்களில் இது மிக மிக அவசியம்.

2. கொஞ்சமாகக் கோடிட வேண்டும். நம் கிந்தா பள்ளத்தாக்கில் அந்நாளில் மரத் தட்டில் மணலை அலசி ஈயம் எடுத்த பெண்கள், தட்டு நிறைய மணலை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. பக்கம் முழுவதும் மஞ்சளானால் எந்த வரி முக்கியம் என்பது யாருக்கும் விளங்காது.

3. ஏன் அனுப்புகிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். 'மாமா, இதைப் படித்துவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்' என்ற ஒரு சொல் பெரியவரைக் காப்பாற்றியிருக்கும்.

4. உலகுக்குக் காட்டும் குறிப்பு எது, குழுவுக்குக் காட்டும் குறிப்பு எது என்பதை ஒவ்வொரு முறையும் கவனிக்க வேண்டும். குடும்ப விஷயங்களையும் பிறர் பெயரையும் பொதுக் குறிப்பில் எழுதலாகாது.

5. நீட்சிகள் நாம் பார்க்கும் பக்கங்களைப் படிக்க அனுமதி கேட்பவை. தெரியாத நீட்சிகளைச் சேர்க்கக் கூடாது. வங்கிக் கணக்கைத் திறக்கும் உலாவியில் அவை இல்லாமலிருப்பது உத்தமம்.

6. முக்கியமானதை நம்மிடமும் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். 2007ஆம் ஆண்டில் தொடங்கிய பாக்கெட் என்ற சேமிப்புச் சாதனம் 2025ஆம் ஆண்டு ஜூலையில் மூடப்பட்டது. ஆம்னிவோர் என்பது அதற்கு முந்திய ஆண்டே மறைந்தது. பிறர் வீட்டு அலமாரியில் வைத்த புத்தகம் என்றும் நம் கைக்கு வரும் என்பது நிச்சயமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் இன்றும் நல்ல துணை.

வீட்டுப் பாடம்

அடுத்த கூட்டத்துக்கு வரும் அன்பர்கள் பின்வருவனவற்றைச் செய்து கொண்டு வருமாறு கேட்டுக் கொள்கிறோம்.

ஒன்று: இவ்வாரம் உங்களுக்கு வந்த வெட்டுப் படங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன் மூலப் பக்கத்தைத் தேடிக் கண்டு பிடியுங்கள். வெட்டப்பட்ட பகுதியில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

இரண்டு: அதே வரியைக் கோடிட்ட இணைப்பாக மாற்றி, உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு அனுப்பித் திறந்து காட்டுங்கள்.

மூன்று: சீறாப்புராணத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு செய்யுளை இவ்விதமே சுட்டி, ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

பெரியவர் இப்போது சுகமாயிருக்கிறார் என்பதைச் சந்தோஷத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம். நாம் அவருக்குக் கோடிட்ட இணைப்பைத் திறக்கக் கற்றுக் கொடுத்தோம். அவர் முதலில் செய்த காரியம் கோட்டுக்குக் கீழே இருந்ததைப் படித்ததுதான். "இதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தம்பி பார்க்க வேண்டும்" என்கிறார். இந்தப் பாடத்தின் சாரமும் அதுவே. நாமும் கோட்டை மட்டும் பாராமல், கோட்டுக்கு மேலும் கீழும் உள்ளதைப் படித்து, பிறரையும் படிக்கச் செய்வோமாக!