குணசேகரன் மேல் கோபம்... மாரிமுத்து தந்த பாடம்!

ராத்திரி ஒன்பதரை ஆனால் போதும். 2022, 2023-ம் வருஷங்களில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்த களைப்பைக்கூட மறந்து பெண்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். சன் டி.வி.யில் ‘எதிர்நீச்சல்’!

எனக்கு ஆதி குணசேகரனைக் கண்டாலே ஆகாது. படித்த பெண்களைத் தம்பிகளுக்குக் கட்டிவைத்து, அடுப்படியே கதியென்று அடக்கி வைக்கும் மூத்த அண்ணன். “ஏய், இந்தாம்மா!” என்று அவர் அதட்டினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மதினி மட்டும் சிரிப்பார்.

“அந்த ஆளைப் போயி ரசிக்கிறீங்களே மதினி?”

“இந்தா பாரு தாயி, நம்ம தெருவுலயே இவரு மாதிரி நாலு பேரு இருக்காக. உள்ளதைத்தானே காட்டுறாரு! அதோட, நம்ம வருசநாட்டுக்காரரு.”

உண்மைதான். அந்த வேஷத்தில் நடித்த மாரிமுத்து, தேனி மாவட்டம் வருசநாடு பக்கம் பசுமலைத்தேரியில் பிறந்தவர். ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014) படங்களை இயக்கியவர். ஆனாலும் வீட்டுக்கு வீடு அவரைக் கொண்டு சேர்த்தது குணசேகரன்தான்.

மருமகள்களைப் பற்றியும் எங்களுக்குள் வழக்கு உண்டு. நந்தினி கேலி பேசியே பாரத்தை இறக்கிவிடுவாள். ரேணுகா படாரென்று வெடித்துவிடுவாள். குணசேகரனின் மனைவி ஈஸ்வரிதான் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வாள். “பொறுமைன்னா அவதான்” என்பார் மதினி. “அது பொறுமை இல்லை, ஊமை வலி” என்பேன் நான்.

அந்த வெள்ளிக்கிழமை

2023 செப்டம்பர் 8. சென்னையில் அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த மாரிமுத்துவுக்கு மூச்சு முட்டியது. வெளியே வந்தவர், யாரையும் துணைக்கு அழைக்காமல் தானே காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே உயிர் பிரிந்துவிட்டது. மாரடைப்பு. அத்தனை நாள் திட்டிய நானே அன்றைக்கு அழுதேன்.

“எந்நேரமும் கோவமா நடிச்சாரு, அதான் நெஞ்சு அடைச்சிருச்சு” என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வேஷத்தால் மாரடைப்பு வருவதில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் பல வருஷமாகக் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, வழியை அடைத்துவிடுகிறது. புகை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவைதான் முக்கியக் காரணங்கள். ஆனால் நிஜக் கோபத்தை அலட்சியம் செய்யக் கூடாது. கடுங்கோபம் வந்த அடுத்த 2 மணி நேரத்துக்கு மாரடைப்பு அபாயம் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டில் இருக்கும் குணசேகரன்கள் கவனிக்க!

ஈஸ்வரிகளுக்கு வரும் வலி

சில மாதம் கழித்து ஒரு ராத்திரி. சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மதினி முதுகை நீவிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. “வாய்வுதான் தாயி. ஓமத்தண்ணி குடிச்சா சரியாப் போகும். நாடகம் முடியட்டும்” என்றார். ஈஸ்வரியேதான்! எனக்கு மாரிமுத்து ஞாபகம் வந்தது. 108-க்குப் போன் போட்டுவிட்டேன். ஈ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள். நல்லவேளை, ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து வேளையோடு ஏறியது.

பெண்களுக்கும் நெஞ்சுவலி வரும். ஆனால் பலருக்கு அதைவிட மூச்சுமுட்டல், முதுகுவலி, தாடை வலி, கைக் குடைச்சல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, இனம்புரியாத அசதி ஆகியவை பெரிதாகத் தெரியலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். வாய்வா, இதயமா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தால்கூட, டாக்டர் சொன்னால் மறுபடி எடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்?

கம்பத்திலிருந்து தேனிக்கே சுமார் 40 கிலோமீட்டர். கானாவிலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதையும் தாண்டி. அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். ஆகவே:

* ஓமத்தண்ணீர், சோடா, தைலம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள்.

* நோயாளி வண்டி ஓட்டக் கூடாது. டூ வீலரிலும் உட்கார வைக்காதீர்கள். நடக்கவிடாமல் உட்கார வைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

* பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் (2023) முதல்கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்ப ஏற்பாடு உண்டு.

* நாற்பதைத் தாண்டியவர்கள் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் வருஷம் ஒருமுறையாவது பாருங்கள்.

‘எதிர்நீச்சல்’ முதல் பாகம் 2024-ல் முடிந்தது. மதினி இப்போது மாத்திரையும் நடைப்பயிற்சியுமாக நன்றாக இருக்கிறார். குணசேகரன் நல்லவரா, கெட்டவரா என்ற எங்கள் வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ஈஸ்வரி விஷயத்தில் மதினி கட்சி மாறிவிட்டார்: “வலிச்சா வாயைத் தொறந்து சொல்லணும் தாயி. அதுக்கு என்ன பொறுமை வேண்டிக்கெடக்கு!”