வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது ஏன்?

வயிற்றுவலியோடு வருபவர்களில் பலர், “நேராக ஸ்கேன் எடுத்துவிடலாமே, டாக்டர்?” என்று கேட்பதுண்டு. தேவைப்பட்டால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தச் சோதனை, எவ்வளவு விரைவில் தேவை என்பதைக் கையால் செய்யும் பரிசோதனையே முதலில் உணர்த்துகிறது. அதில் நோயாளிக்கும் பங்கு உண்டு.

பரிசோதனைக்கு முன் சிறுநீர் கழித்துவிடுவது நல்லது. நிரம்பிய சிறுநீர்ப்பை அடிவயிற்றில் கட்டிபோலத் தோன்றிக் குழப்பம் தரும். சிறுநீர் கழிக்க இயலவில்லை என்றால் அதைக் கட்டாயம் கூறுங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களைச் சற்று மடக்கிக்கொண்டால் வயிற்றுத் தசைகள் தளரும். குடலிறக்கம் கவட்டைப் பகுதியில் மறைந்திருக்கக்கூடும் என்பதால் அவ்விடம் வரை ஆடையை விலக்க நேரலாம். கூச்சமாக இருந்தால், உறவினரோ பெண் செவிலியரோ உடனிருக்க வேண்டுமெனக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மருத்துவர் முதலில் வீக்கம், தழும்பு, மூச்சோடு வயிறு அசையும் விதம் ஆகியவற்றைக் கண்ணால் பார்க்கிறார். அழுத்தினால் குடலின் ஓசை மாறக்கூடும் என்பதால், தொடுமுன்பே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறார். பிறகு விரலால் தட்டுகிறார். காற்றுள்ள இடம் கணீரென்றும், நீர் கோத்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். பின்னர், வலியில்லாத இடத்தில் தொடங்கி, வலிக்கும் இடத்தை இறுதியில் தொடுகிறார். மூச்சை ஆழ்ந்து இழுக்கும்போது, பெரிதாகியுள்ள கல்லீரலும் மண்ணீரலும் கீழிறங்கி விரலில் தட்டுப்படும். அப்போது அவர் உங்கள் முகத்தையும் கவனிக்கிறார். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது இங்கே உதவாது. வலிக்கும் கணத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கம் இடம்பெயரும். வலப்புற இடுப்பெலும்பின் முன்முனைக்கும் தொப்புளுக்கும் இடையிலான கோட்டில், எலும்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் அழுத்தினால் மிகுதியாக வலிக்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889இல் சுட்டிக்காட்டிய இடம் இது. எல்லோருக்கும் இவ்வாறே அமைவதில்லை. எனினும், “இரவு தொப்புளைச் சுற்றி வலித்தது, காலையில் வலப்பக்கம் வந்துவிட்டது” என்று உறவினர் சொல்லும் ஒரு வாக்கியம் எங்களுக்குப் பெருந்துணை.

இத்தகைய வலியில் விளக்கெண்ணெய் கொடுப்பதும், குடலேற்றம் என்று எண்ணி வயிற்றை நீவிவிடுவதும் ஆபத்தானவை. வலிமாத்திரை உட்கொண்டிருந்தால் அதன் பெயரையும் நேரத்தையும் மறைக்காமல் கூறுங்கள்.

வயிறு பலகைபோல் இறுகுதல், இருமினாலோ நடந்தாலோ வலி கூடுதல், தொடர் வாந்தி, மலமும் காற்றும் வெளியேறாமை ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். முதியோருக்கும், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோருக்கும் கடும் நோயிலும் வயிறு மென்மையாகவே இருக்கக்கூடும். அவர்கள் “லேசான வலிதான்” என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

சில மணி நேரம் கழித்து மருத்துவர் மீண்டும் வந்து அதே இடத்தைத் தொட்டால் சலிப்படையாதீர்கள். முன்பைவிட வலி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்ற உங்கள் பதிலே அடுத்த முடிவுக்கு வழிகாட்டும்.