சத்தம் போடாத வகுப்புத்தான் படிக்கிற வகுப்பா?

நம்பிக்கை: சேர் விளங்கப்படுத்த, பிள்ளைகள் வாய் திறக்காமல் கேட்டால் பாடம் மனதில் ஏறும்.

உண்மை: கேட்கும்போது எல்லாம் விளங்கியதுபோலத்தான் இருக்கும். 2019இல் வெளிவந்த ஹார்வர்ட் ஆய்வொன்றில், நல்ல விரிவுரை கேட்ட பௌதிகவியல் மாணவர்கள் தாங்களே கூடுதலாகக் கற்றதாக நினைத்தார்கள். சோதனையில் கூடிய புள்ளி எடுத்தவர்களோ, குழுவாக இருந்து கணக்குகளோடு மல்லுக்கட்டியவர்கள். பல்கலைக்கழக விஞ்ஞான, கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டிய 2014ஆம் ஆண்டு ஆய்வும் இதையே காட்டியது: விரிவுரை வகுப்புகளில் சித்தியடையாதோர் 33.8 வீதம், மாணவர் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 வீதம்.

நம்பிக்கை: இதெல்லாம் வசதியுள்ள பட்டணத்துப் பாடசாலைக்கு. கோமாரி போன்ற கரையோரக் கிராமத்துக்குச் சரிவராது.

உண்மை: ஹார்வர்டில் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய, மாணவர் ஒருவரோடொருவர் வாதாடிக் கற்கும் முறைக்குத் தேவை ஒரு நல்ல கேள்வி மட்டுமே. உதாரணமாக, கச்சான் காற்று அடிக்காத நாளில், மத்தியானம் கோமாரிக் கரையில் காற்று கடலிலிருந்து வருகிறது; இரவில் கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. ஏன்? மூன்று விடைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் தனியே யோசித்துக் கை உயர்த்தட்டும். பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதாடட்டும். மறுபடி கை உயர்த்தட்டும். நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி, வேகமாகக் குளிர்வதை அதன்பின் விளக்குங்கள். மீன்பிடிக்கப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் காற்று தெரியும். அந்த அறிவை வகுப்புக்குள் விடாமல் குறிப்பு மட்டும் எழுதச்சொல்வது பெரிய அநியாயம்.

நம்பிக்கை: 2007இல் நம் பாடசாலைகளுக்கு, ஐந்து படிகளில் கற்பிக்கும் ‘5ஈ’ முறை வந்தது. டிமை பேப்பரும் மாக்கர் பேனாவும்தான் மிச்சம்.

உண்மை: குறை பாதி நியாயமானது. குழுவில் ஒரு பிள்ளை எழுத, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் விரிவுரைக்குச் சமம்தான். ஆனால் அந்த ஐந்து படிகளில் விளக்கமும் ஒன்று. ஆசிரியர் பேசக்கூடாது என்று அந்த முறை சொல்லவில்லை. பிள்ளை முதலில் தேடிப் பார்க்கட்டும் என்றுதான் சொன்னது.

நம்பிக்கை: இப்படிப் படிப்பித்தால் சிலபஸ் முடியாது.

உண்மை: ஆசிரியர் முடித்த பாடமெல்லாம் பிள்ளை படித்த பாடம் ஆகாது. அதனால்தான் அதே அலகுக்குப் பின்னேரம் டியூஷனும் தேவைப்படுகிறது.

கோமாரி, திருக்கோவில், பொத்துவில் ஆசிரியர்களே, நாளைக்கு ஒரு பாடவேளையில் ஒரேயொரு கேள்வியோடு தொடங்கிப் பாருங்கள். அதிபர்களே, அந்த வகுப்பிலிருந்து சத்தம் கேட்டால் தயவுசெய்து அடக்க ஓடாதீர்கள். பிள்ளைகள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.