ஸ்டீராய்டு குறையும் வாரங்களில் உடலுழைப்பை அளந்து செலவிடுதல்

முடக்குவாதத்திற்காக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டு வருபவரிடம், "இந்த மாதம் முதல் அளவைக் குறைக்கலாம்" என்று மருத்துவர் கூறும்போது, சிலர் மகிழ்கின்றனர், சிலர் அஞ்சுகின்றனர். இரண்டுமே இயல்பானவை. ஆனால் அடுத்துவரும் வாரங்களில் குறைப்பு இடையில் தடைபடுமாயின், அதற்கு மருந்து மட்டுமே காரணமாக இருப்பதில்லை. அதே வாரங்களில் வீட்டிலும் நிலத்திலும் செய்யப்பட்ட வேலையின் அளவும் பல வேளைகளில் காரணமாகிறது. மருந்துச் சீட்டில் எழுதப்படாத அந்த அளவைக் குறித்தே இக்கட்டுரையில் பேசுகிறோம்.

முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. அதனை வேரில் கட்டுப்படுத்துபவை மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள். அவை முழுப்பயன் தர 6 முதல் 12 வாரங்கள் வரை ஆகும். அதுவரை நோயாளி வலியில் தவிக்காதிருக்க, பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு ஒரு பாலமாக அளிக்கப்படுகிறது. பாலத்தைக் கடப்பதே நோக்கம், அதன்மேல் குடியிருப்பதன்று. நெடுங்காலம் நீடித்தால் எலும்பு மெலியும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், கண்புரை வரும், நோய்த்தொற்று எளிதில் பற்றும். ஆதலால்தான் நோய் அடங்கியவுடன் மருத்துவர்கள் குறைப்பைத் தொடங்குகின்றனர்.

இம்மருந்தின் தொடக்கக் கதையிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் ஏறத்தாழப் படுக்கையிலேயே கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு மருத்துவர் பிலிப் ஹென்ச் குழுவினர் கார்டிசோன் ஊசியைச் செலுத்தினர். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்திற்குள் கடைவீதிக்குச் சென்று மூன்று மணி நேரம் சுற்றிவந்தார். மருத்துவ உலகமே வியந்தது. 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனினும், மருந்து நிறுத்தப்பட்டதும் வலி மீண்டும் வந்ததையும், தொடர்ந்து கொடுத்தபோது முகம் உப்பியதையும் மனநிலை குலைந்ததையும் அதே மருத்துவர்கள்தாம் பதிவு செய்தனர். அந்த மூன்று மணி நேரத்தை மூட்டுகள் குணமடைந்ததால் அவர் நடந்துவிடவில்லை; மூட்டுகளின் முறையீடு காதில் விழாததால் நடந்தார்.

நம் நோயாளிகளின் நிலையும் இதுவே. 15 மில்லிகிராம் உட்கொண்ட நாட்களில் பத்துக் குடம் தண்ணீர் சுமந்தவர், அரைநாள் தக்காளி பறித்தவர், பெரிய பானையில் களி கிண்டியவர், அவையே தம் உண்மையான ஆற்றல் என்று நம்பிவிடுகிறார். அளவு குறையும்போது அந்தத் திரை சிறிது சிறிதாக விலகுகிறது. முன்பு செய்த வேலையையே இப்போதும் செய்கிறார், மணிக்கட்டு வீங்குகிறது. "மருந்தைக் குறைத்தது தவறு" என்று முடிவு செய்து, மருத்துவரைக் கேளாமலே பழைய அளவுக்குத் திரும்புகிறார். இவ்வாறு ஓரிரு முறை நிகழ்ந்தால், மாதக்கணக்கில் முடிய வேண்டிய குறைப்பு ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது.

குறைப்பு ஏன் மெதுவாக நடக்கிறது என்பதையும் அறிந்திருத்தல் நன்று. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் இயற்கை ஸ்டீராய்டை நாள்தோறும் சுரக்கின்றன. அதன் அளவு, பிரெட்னிசோலோன் கணக்கில் ஏறத்தாழ 5 மில்லிகிராமுக்கு ஒப்பாகும். சில வாரங்களுக்கு மேல் மாத்திரையாக வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால், சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. அவை மீண்டும் விழித்தெழச் சிலருக்கு மாதங்கள் ஆகும். எனவேதான் தொடக்கத்தில் சற்றுப் பெரிய படிகளாக இறங்கும் மருத்துவர், கீழ் அளவுகளில் 1 அல்லது 2.5 மில்லிகிராமாக, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு இறங்குகிறார். கடைசிப் படிகளே கடினமானவை.

ஒவ்வொரு படி இறங்கும்போதும் சில நாட்கள் உடல் முழுதும் அசதி, பரவலான வலி, சோர்ந்த மனம் ஆகியவை தோன்றலாம். இது மருந்து விலகுவதன் வலி. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். நோய் திரும்புவது இவ்வாறு இராது. அப்போது குறிப்பிட்ட மூட்டுகள் வீங்கும், தொட்டால் சூடாக இருக்கும், காலையில் விரல்களை மடக்க இயலாத இறுக்கம் ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும், நாளுக்கு நாள் மோசமாகும். ஐயமிருப்பின் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகள் மருத்துவருக்கு வழிகாட்டும். மூன்றாவது ஒன்றும் உண்டு: வேலை மிகுந்ததால் வரும் வலி. இம்மூன்றையும் பிரித்தறிய இயலாமற்போவதே குறைப்பின் பெரிய இடையூறு.

ஆகவே நாங்கள் வலியுறுத்துவது ஒன்றே: மருந்தின் அளவையும் வேலையின் அளவையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். மாத்திரை குறைந்த பின் இரண்டு வாரங்களுக்கு, முந்தைய வாரத்தில் செய்த வேலையையே, கூட்டாமலும் வெகுவாகக் குறைக்காமலும் செய்துவாருங்கள். அதன்பின் வலி வந்தால் அதன் காரணம் மருந்து என்று ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும். மாறாக, புதிய அளவைத் தொடங்கிய மறுநாளே மூன்று நாள் திருமண வேலையில் இறங்கினால், எது எதனால் வந்தது என்று எவராலும் கூற இயலாது. நம் மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் இதனை எளிதில் உணர்வர். ஐந்தாம் பருவத்தில், ஏழெட்டு நாட்களுக்குள், புழுக்கள் தம் வாழ்நாள் தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தின்றுவிடுகின்றன. தழை வெட்டுவதும் சுமப்பதும் இரவில் எழுந்து போடுவதும் அந்த வாரத்தில்தான் குவிகின்றன. கூடுகள் தருமபுரி அங்காடிக்குச் சென்ற பிறகு மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப்பாருங்கள். திருவிழா, அறுவடை, மாங்காய்ப் பறிப்பு ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். மருத்துவருக்கு உங்கள் வேலை நாட்காட்டி தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்குரிய வேலை அளவைக் கண்டறிவது எவ்வாறு? நல்ல நாளில் எவ்வளவு செய்கிறீர்கள் என்று பார்க்காதீர்கள். மோசமான நாளிலும் எவ்வளவு செய்ய முடிகிறது என்று பாருங்கள். அதுவே அடித்தளம். பத்து நிமிடம் நடக்க முடியுமாயின், நல்ல நாளிலும் பத்து நிமிடமே நடங்கள். இதுதான் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது. கால் லேசாக இருக்கும்போது நிறுத்துவதற்குத் தனி மனவுறுதி வேண்டும். இரண்டு வாரம் நிலையாக இருந்தால் பன்னிரண்டு நிமிடம் ஆக்கலாம். ஒரு வேலை முடிந்து இரண்டு மணி நேரம் கடந்த பின்னும், தொடங்குவதற்கு முன்பிருந்ததைவிட வலி கூடுதலாக இருந்தால், அந்த வேலை மிகையாயிற்று என்று கொள்ளுங்கள்; மறுமுறை கால்பங்கு குறையுங்கள். ஒரு மணி நேர வேலையை இருபது நிமிடங்களாக மூன்று வேளைக்குப் பிரித்தால், அதே வேலை பாதி வலியோடு முடிவதைப் பலர் எங்களிடம் கூறியுள்ளனர். காலை இறுக்கம் தளரும் முன்பாகக் கடினமான வேலையைத் தொடங்க வேண்டாம்.

அதற்காக முற்றிலும் படுத்துவிடுவதும் தவறு. ஸ்டீராய்டு தொடைத் தசைகளை மெலியச் செய்யும். வலி அதிகமில்லாமலே தரையிலிருந்து எழமுடியாமல் போவது அதன் அடையாளம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெல்ல எழுந்து அமர்வதை, முடிந்த எண்ணிக்கையில், நாளுக்கு இருமுறை செய்வது நன்று. வீட்டைவிட்டு வர இயலாதவர்கள், 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இல்லத்திலேயே இயன்முறைச் சிகிச்சை பெறுவது குறித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். நேற்று நன்றாக நடந்த அம்மா இன்று எழ மறுப்பதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். நேற்று நடந்ததன் கணக்கே இன்று தீர்க்கப்படுகிறது. "நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்ற சொல்லே பலரை அளவுமீறி உழைக்கத் தூண்டுகிறது. களி கிண்டுவது, ஈரத்துணி பிழிவது, நிறைகுடம் தூக்குவது ஆகிய மூன்றும் மணிக்கட்டையும் விரல்களையும் மிகவும் வருத்துபவை. குறைப்புக் காலத்தில் இம்மூன்றை மட்டுமாவது மகனோ மருமகளோ கணவரோ ஏற்றுக்கொண்டால், அது ஒரு மாத்திரைக்கு ஈடான உதவியாகும்.

இம்மாவட்டத்திற்கே உரிய ஒரு குறிப்பு: இங்கு பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் அதற்காகவே உருவாயிற்று. பல்லாண்டுகள் அந்நீரைக் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டுகளும் இறுகி வலிக்கக்கூடும். ஸ்டீராய்டைக் கூட்டுவதால் அவ்வலி குணமாகாது. எனவே குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மாத்திரைகளை ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. டெஃப்லாசகார்ட் 6 மில்லிகிராமும் மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மில்லிகிராமும் பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ ஒப்பானவை. பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைக் கொண்டு உங்கள் எண்ணை மதிப்பிட முடியாது. பெயர் எழுதப்படாத பொடியோ உருண்டையோ இரண்டே நாளில் வலியை நீக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதனைத் தொடரவும் வேண்டாம், நெடுநாள் உண்டிருந்தால் திடீரென நிறுத்தவும் வேண்டாம். எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

குறைப்புக் காலத்திலும், மாத்திரை முற்றிலும் நின்ற பிறகு ஓராண்டு வரையிலும், காய்ச்சல், வாந்திபேதி, விபத்து, பல் பிடுங்குதல், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றின்போது ஸ்டீராய்டு உட்கொண்டதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். சில நாட்களுக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். அந்நாட்களில் நடைப்பயிற்சியும் வேண்டாம். தொடர்ந்த வாந்தி, எழுந்தால் தலைசுற்றி விழுதல், கடுஞ்சோர்வு, குழப்பமான பேச்சு ஆகியவை தோன்றினால், சுரப்பிகள் ஈடுகொடுக்கவில்லை என்று பொருள் கொள்ள வேண்டும். காலைவரை காத்திராமல் 108ஐ அழைத்து, மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள்.