டெலிபோன் கம்பியும் மோடத்தின் கட்டளைகளும்



2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது நம்மில் பலர் வீட்டிலிருந்தே பாடம் கேட்டோம். எங்கள் வீட்டுக்கு இணையம் வந்தது பழைய டெலிபோன் கம்பி வழியாகத்தான். காற்றோடு மழை பெய்தால் போதும், கணக்குப் பாடம் பாதியில் நின்றுவிடும். மோடத்தின் விளக்கு மினுக்கும். அது மீண்டும் நிலைத்து எரிவதற்குள் ஆசிரியை அடுத்த கணக்கிற்குப் போயிருப்பார். வேகம் போதவில்லை என்றே நான் எண்ணியிருந்தேன். டெலிபோன் வேலை தெரிந்த என் சித்தப்பாவோ, "வேகம் அளவுக்கு மீறி இருக்கிறது கண்ணு, அதுதான் தொல்லை" என்றார். அவரிடம் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கம்பி செய்தியைச் சுமக்கும் விதம்

டெலிபோனில் நாம் பேசும் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள இடமே போதும். அதற்கு மேலுள்ள இடம் நெடுங்காலம் வெறுமனே கிடந்தது. 1999-இல் உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஏ.டி.எஸ்.எல். முறை, 1104 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தை 256 சிறு பாதைகளாகப் பிரித்தது. ஒவ்வொரு பாதையின் அகலம் 4.3125 கிலோஹெர்ட்ஸ். பெருக்கிப் பாருங்கள், விடை சரியாக வரும். 2003-இல் வந்த ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் முறையில் பாதைகள் 512 ஆயின.

ஒவ்வொரு பாதையிலும் விநாடிக்கு 4000 முறை செய்தி செல்கிறது. ஒரு முறைக்கு எத்தனை பிட்டுகள் ஏற்றலாம் என்பதை இரைச்சலே முடிவு செய்கிறது. மதிய இடைவேளையில் வராந்தாவில் நின்று தோழியிடம் வாய்ப்பாடு ஒப்பிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைவாக இருந்தால் வேகமாகச் சொல்லலாம். கூடினால் நிறுத்தி நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். கம்பியிலும் அப்படியே. செய்தியின் வலிமை இரைச்சலைவிட ஏறத்தாழ 3 டெசிபல் கூடினால் ஒரு பிட் கூடுதலாக ஏற்றலாம். ஒரு பாதையில் 15 பிட்டுக்கு மேல் ஏற்ற முடியாது.

ஆயினும் மோடம் கடைசி இடம் வரை நிரப்பிவிடுவதில்லை. எதிர்பாராத இரைச்சலைத் தாங்குவதற்காகப் பெரும்பாலும் 6 டெசிபல் அளவை மிச்சம் வைக்கிறது. கம்பி காய்ந்திருக்கும்போது வைத்த அந்த மிச்சத்தை, இணைப்பில் புகுந்த மழைநீர் தின்றுவிட்டால் தொடர்பு அறுந்துபோகும். மோடமும் எக்ஸ்சேஞ்சுக் கருவியும் மறுபடி முதலிலிருந்து பேசி முடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

கட்டளையிடும் முறை

கணினியை மோடத்துடன் ஒயரால் இணைத்து, டெலிநெட் வழியே மோடத்தின் முகவரிக்குச் செல்ல வேண்டும். பல மோடங்களில் அது 192.168.1.1 என்றிருக்கும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தபின், கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யலாம். கட்டளைச் சொற்கள் மோடத்துக்கு மோடம் மாறும். பிராட்காம் சில்லு கொண்ட எங்கள் மோடத்தில் 'இன்ஃபோ' என்ற கட்டளை கம்பியின் நிலையைக் காட்டியது: வேகம், மிச்சமுள்ள டெசிபல், வழியில் தேய்ந்த வலிமை, பிழைகளின் எண்ணிக்கை. மழையின்போது மிச்சம் 6-இலிருந்து 0-வை நோக்கி இறங்குவதை என் கண்ணாலேயே கண்டேன்.

அடுத்தது 'கான்ஃபிகர்' என்ற கட்டளை. அதனோடு எஸ்.என்.ஆர். என்று சேர்த்து ஓர் எண் தர வேண்டும். 100 என்பது வழக்கமான அளவு. 150 என்று கொடுத்தால் மிச்சம் 6-க்குப் பதில் ஏறத்தாழ 9 டெசிபல் ஆகும். 50 என்று கொடுத்தால் 3 ஆகக் குறையும். வேகம் கூடும், தொடர்பு அறுவதும் கூடும். நமக்கு வந்துசேரும் செய்தியின் வேகத்தை மட்டுமே இது மாற்றும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? எங்கள் கம்பி 256 பாதை முறையில் இயங்கியது. குரலுக்கும் நாம் அனுப்பும் செய்திக்கும் 32 பாதைகள் போக, வந்துசேரும் செய்திக்கு 224 பாதைகள். பாதைக்கு ஒரு பிட் குறைந்தால் 224 × 4000 = 8,96,000. அதாவது விநாடிக்கு அதிகம்போனால் 9 இலட்சம் பிட்டுகள் இழப்போம். நாங்கள் அதை விட்டுக்கொடுத்தோம். அதன்பின் மழையிலும் மிச்சம் 3 டெசிபல் அளவில் நின்றது. கணக்குப் பாடமும் நின்றுபோகாமல் நடந்தது.

மறவாதிருக்க வேண்டியவை

கட்டளையிடுமுன் வீட்டுக்குள் உள்ள இணைப்புகளையும் ஸ்ப்ளிட்டரையும் பாருங்கள். துருப்பிடித்த முனையை எந்தக் கட்டளையாலும் துலக்க முடியாது. பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். பல மோடங்களில் மின்சாரம் நின்று வந்தால் மாற்றம் அழிந்துவிடும். மீண்டும் கொடுக்க வேண்டும். மோடத்தோடு வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

செம்புக் கம்பி இருந்த இடங்கள் பலவற்றில் இன்று கண்ணாடி இழை வந்துவிட்டது. எனினும் சிறு பாதைகளாகப் பிரித்து, இரைச்சலை அளந்து ஏற்றும் இதே தத்துவம் நம் வீட்டு வைஃபையிலும் வேலை செய்கிறது. ஆகவே தோழியரே, அடுத்தமுறை தொடர்பு அறுந்தால் மோடத்தைத் தட்டாதீர்கள். முதலில் அதனிடம் கேட்டுப் பாருங்கள். கம்பி தாங்கும் அளவை அது எண்களில் சொல்லும்.