கணிப்பொறியில் இயங்கும் அறியாத நிரலை ஆராயும் முறை

அலுவலகக் கணிப்பொறி காரணமின்றி மந்தமாகிறது. விசிறி ஓயாது இரைகிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், முன்பின் கேள்விப்படாத பெயருடைய நிரலொன்று இயங்கிக்கொண்டிருப்பது தெரிகிறது. இந்நிலையில் பலரும் அதனை உடனே நிறுத்திக் கோப்பையும் அழித்துவிடுகின்றனர். இது சரியன்று. நிரல் நல்லதாயின் அலுவல் கெடும்; தீயதாயின் தடயம் அழியும். மேலும், மறைந்திருக்கும் மற்றொரு பகுதி அதனை மீண்டும் எழுப்பிவிடவும் கூடும்.

பெயர் புதிதாயிருப்பது மட்டும் குற்றமாகாது. 'எம்.எஸ்.எம்.பி.இ.என்.ஜி.' என்னும் விகாரமான பெயருடையது விண்டோஸின் சொந்தக் காவல் நிரலேயாகும். வட்டைச் சோதிக்கும்போது அது கணிப்பொறியின் ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்குவதுண்டு. காவற்காரனையே கள்வனென்று பிடித்துக் கட்டலாகாது.

பழகிய பெயரும் நற்சான்று ஆகாது. 'எஸ்.வி.சி.ஹோஸ்ட்' என்பது விண்டோஸின் பல சேவைகளைத் தாங்கி நிற்கும் நிரல். அதன் பிரதிகள் பல ஒரே சமயத்தில் ஓடுவது இயல்பே. இதனையறிந்த தீயோர் 'வி', 'சி' எழுத்துக்களை இடம் மாற்றி 'எஸ்.சி.வி.ஹோஸ்ட்' என்று பெயரிடுவர். அவசரக் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. ஆகவே பெயரை விட்டு இருப்பிடத்தைப் பார்க்க வேண்டும். நிரலின்மேல் வலப்பொத்தானை அழுத்தினால், கோப்பு இருக்குமிடத்தைத் திறக்கும் கட்டளை கிடைக்கும். மெய்யான நிரல் விண்டோஸ் கோப்புறையிலுள்ள சிஸ்டம்32 என்னும் உட்புறையில் இருக்கும். அதே பெயருடையது தற்காலிகக் கோப்புறையிலிருந்து ஓடுமாயின் ஐயம் வலுக்கிறது.

அடுத்து, கோப்பின் பண்புகளில் டிஜிட்டல் கையொப்பத்தைக் காண்க. இதுவும் முடிந்த முடிபன்று. 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இரு தைவான் நிறுவனங்களிடமிருந்து களவாடப்பட்ட சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்ட பகுதிகளைக் கொண்டிருந்தது. 2008-ல் பரவிய கான்ஃபிக்கர் புழுவோ, உண்மையான எஸ்.வி.சி.ஹோஸ்டின் உள்ளேயே புகுந்து ஓடியது. இருப்பிடமும் கையொப்பமும் அங்கே பழுதின்றியே தோன்றும். எனவே, கணிப்பொறி தொடங்கும்போது தாமாகவே எழும் நிரல்களையும், காலக்குறிப்பிட்ட பணிகளின் பட்டியலையும் சேர்த்தே நோக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் ஆட்டோரன்ஸ் என்னும் கருவி இதற்கு மிகவும் உதவும். ஐயமுற்ற கோப்பை இணையச் சோதனைத் தளங்களுக்கு அனுப்புவோர், அது அலுவலக ஆவணமாயிருப்பின் இரகசியம் வெளியேறும் என்பதை மறக்கலாகாது.

ஐயம் உறுதிப்பட்டால் முதலில் வலையிணைப்புக் கம்பியைக் கழற்றுக, வை-ஃபையையும் நிறுத்துக. கணிப்பொறியை அணைத்தல் வேண்டா. அணைத்தால் நினைவகத்திலுள்ள தடயம் மறையும். கோப்புகள் கண்முன்னே பூட்டப்பட்டுவர, இணைப்பைத் துண்டிக்க வழியில்லையேல் மட்டும் அணைக்கலாம். திரையைப் படமெடுத்து, நேரத்தையும் கோப்பின் பாதையையும் குறித்துக்கொள்க. கடவுச்சொற்களை வேறொரு கணிப்பொறியிலிருந்து மாற்றுக.

இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன் 28-4-2022-ல் பிறப்பித்த ஆணைப்படி, இத்தகைய நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அரசு அமைப்புகளும் இதற்கு உட்பட்டவையே. வெளியிடத்தில் அச்செடுக்கக் கொண்டுசென்ற பென் டிரைவைச் செருகிய ஊழியர், பழி வருமென அஞ்சி வாய் திறவாதிருந்தால், அந்த 6 மணி நேரமும் வீணே கழியும். மேலதிகாரி முதலில் கேட்க வேண்டியது 'யார் செய்தது?' என்பதன்று, 'எப்போது கண்டீர்?' என்பதே. பென் டிரைவையும் அப்படியே ஒப்படைக்க வேண்டும். வீட்டுக் கணிப்பொறியில் செருகிப் பார்த்தல் கூடாது.