பகுத்துக் கணித்தல்

கணினியின் வேகம் ஆண்டுதோறும் தானே கூடிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பழைய நிரலையே புதிய கணினியில் இட்டாலும் அது முன்னிலும் விரைந்து ஓடியது. 2005ஆம் ஆண்டையொட்டி அந்நிலை மாறிற்று. செயலியின் கடிகார வேகம் 4 கிகாஹெர்ட்ஸை நெருங்கியபோது அதில் எழுந்த வெப்பத்தைத் தணிப்பது அரிதாயிற்று. எனவே பொறியாளர்கள் ஒரே செயலிக்குள் இரண்டு, நான்கு எனப் பல உள்ளகங்களை அமைக்கலாயினர். ‘கோர்’ என வழங்கும் இவ்வுள்ளகம் ஒவ்வொன்றும் தனித்துக் கணிக்க வல்லது.

ஆயினும் உள்ளகங்கள் பெருகிய அளவுக்கு வேகம் பெருகுவதில்லை. இதனை 1967இல் ஜீன் அம்டால் என்னும் கணினி அறிஞர் சுட்டிக்காட்டினார். ஒரு கணக்கீட்டுக்கு 100 நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். அதில் 10 நிமிட வேலை பகுக்க இயலாதது. எஞ்சிய 90 நிமிட வேலையே பகுக்கத்தக்கது. ஒன்பது உள்ளகங்கள் அதனைப் பகிர்ந்துகொண்டால் மொத்தம் 20 நிமிடம் ஆகும். அஃதாவது, ஒன்பது பேர் உழைத்தும் விரைவு ஐந்து மடங்கே. தொண்ணூறு உள்ளகங்கள் சேரினும் 11 நிமிடம் ஆகும்.

வேகத்தினும் முதன்மையானது விடையின் சரிமை. ஆறு மாணவரின் மதிப்பெண்களை இரண்டு உள்ளகங்கள் பிரித்துக்கொள்கின்றன. முதலாவதன் பங்கு 90, 80, 70, 60. அதன் சராசரி 75. இரண்டாவதன் பங்கு 50, 40. அதன் சராசரி 45. இவ்விரு சராசரிகளின் சராசரி 60. ஆனால் உண்மையான சராசரியோ 65. உள்ளகங்கள் பிழை செய்யவில்லை. பிழை, விடைகளை இணைத்த முறையில் உள்ளது. ஒவ்வொரு பங்கின் கூடுதலையும் எண்ணிக்கையையும் பெற்று, 390ஐ 6ஆல் வகுத்திருக்க வேண்டும். இடைநிலை அளவுக்கு இவ்வழியும் உதவாது. பங்குகளின் இடைநிலைகளைக் கொண்டு முழுமையின் இடைநிலையைக் காண இயலாது. தரவு முழுவதையும் நோக்கியாக வேண்டும்.

பகுப்பதற்கென்றே பிறந்தவை போன்ற கணக்குகளும் உண்டு. 1979இல் பிராட்லி எஃப்ரான் வெளியிட்ட ‘பூட்ஸ்ட்ராப்’ முறை அத்தகையது. கிடைத்த தரவிலிருந்தே மீண்டும் மீண்டும் ஆயிரக்கணக்கில் மாதிரிகள் எடுத்து, ஒரு மதிப்பீடு எவ்வளவு நம்பத்தக்கது என அறிவது இம்முறை. ஒரு மாதிரி மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. எனினும், ஒவ்வோர் உள்ளகமும் தரவைத் தனியே படியெடுக்குமாயின் 4 கிகாபைட் தரவுக்கு நான்கு உள்ளகங்களில் 16 கிகாபைட் நினைவகம் வேண்டும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. கணினி தரும் சமவாய்ப்பு எண்கள் ஒரு தொடக்க எண்ணிலிருந்து விதிப்படி பிறப்பவை. நான்கு உள்ளகங்களும் ஒரே எண்ணில் தொடங்கினால் நான்கும் ஒரே மாதிரிகளையே எடுக்கும். 10,000 மாதிரிகள் எனத் தோன்றுபவை உண்மையில் 2,500 மட்டுமே. பிழைச் செய்தி எதுவும் திரையில் தோன்றாது. புள்ளியியலார் பெரிதும் பயன்படுத்தும் ‘ஆர்’ மொழியில் 2011 முதல் இணைந்து வரும் ‘பேரலல்’ என்னும் தொகுப்பு, உள்ளகங்களுக்கு வெவ்வேறு எண்தொடர்களை வழங்க வழிசெய்கிறது. அவ்வழியைத் தேர்ந்துகொள்வது நிரல் எழுதுவோரின் பொறுப்பு.